மலையிறக்கத்தில் மிஞ்சும் பெட்ரோல்

1957 பிப்ரவரி 12. கண்டக்டர் ஒலியுல்லாவின் கணக்கில் ஒரு சிறு பிழை. பெட்ரோல் விலை ஏறி பஸ் நட்டத்தில் ஓடுகிறதென்று முதலாளி புலம்பியபோது, மலையிறக்கத்தில் இன்ஜினை அணைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று தான் படிக்கும் மாலை வகுப்பு நோட்டில் போட்டுக் காட்டினான். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதைச் சேர்க்க மறந்துவிட்டான்; முதலாளியும் அப்படியே ஓட்டச் சொல்லிவிட்டார். இப்போது பெருமாள்மலைக்குக் கீழே பஸ் சத்தமில்லாமல் மூடுபனிக்குள் இறங்குகிறது. கருகல் வாடை அடிக்கிறது. பூண்டுக் கூடைகள் முன்னே சரிகின்றன. "வண்டி பூனையாட்டம் போகுதே தம்பி!" என்று சிரிக்கும் பூண்டுக்காரி முருகம்மாளின் மடியில் குழந்தை தூங்குகிறது. டிரைவர் வேலுமணி பிரேக்கை மீண்டும் மீண்டும் மிதிக்கிறார். "ஏலே, ஒங் கணக்குல இந்த வளைவு இருக்கா?" ஒலியுல்லா கூடைகளைத் தாண்டி முன்னே வருகிறான். "இன்ஜினைப் போடுங்கண்ணே." "மொதலாளி கேட்டா?" "நான் பதில் சொல்லிக்கிறேன்." இன்ஜின் உறுமுகிறது, கியர் சக்கரங்களை இழுத்துப் பிடிக்க, சாலை விளிம்பை உரசியபடி பஸ் வேகம் தணிகிறது. நாளை விடிந்ததும் முதலாளியைப் பார்த்து, கணக்கு தப்பென்று சொல்ல வேண்டும்.