தையல்காரியின் காதல் கதை

“நிறுத்தாம பேசிக்கிட்டே இருங்கம்மா,” என்றார் டாக்டர், தையல்காரியின் திறந்த மண்டைக்குள் பார்த்தபடி.

அவளும் நிறுத்துகிற ஆளாக இல்லை.

பேச்சு பிறக்கிற இடத்தை ஒட்டியே கட்டி உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அவளை விழித்திருக்க வைத்தே ஆபரேஷன். தலைத்தோல் மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. மூளைக்குத் தன் வலி தெரியாது. டாக்டர் மெல்லிய கம்பியால் ஓர் இடத்தைத் தொட்டு லேசாக மின்சாரம் கொடுப்பார். பேச்சு தடுமாறினால் அங்கே கை வைக்கக் கூடாது. தடுமாறாவிட்டால் வெட்டலாம்.

முதலில் படம் காட்டிக் கேட்டார்கள். குடை, சாவி, ஆமை என்று சொல்லி அலுத்துப்போனவள், தன் காதல் கதையை எடுத்துவிட்டாள்.

ஒருத்தர் பேன்ட் நீளமாக இருக்கிறதென்று கடைக்கு வந்தாராம். ஓர் அங்குலம் குறைத்துக் கொடுத்தாளாம். மறுவாரம் அதே பேன்ட், இன்னும் ஓர் அங்குலம். அதற்கடுத்த வாரமும் அதே பேன்ட்.

“முழங்கால் தெரிய ஆரம்பிச்சப்பதான் எனக்கு உறைச்சுது, மனுஷன் பேன்ட்டுக்காக வரலைன்னு.”

மயக்க மருந்து கொடுப்பவர் முகமூடிக்குள் குலுங்கினார். சிரிக்க வேண்டாம் என்று அவரை அதட்டிய டாக்டரின் குரலே ஆடியது.

அடுத்த இடத்தில் கம்பி பட்டதும் கதை அறுந்தது.

“அவர் என் பக்கத்துல வந்து... அந்த... அந்த...”

வாய் திறந்திருந்தது. சொல் வரவில்லை. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

டாக்டர் கம்பியை எடுத்தார்.

“...அளவு டேப்பை எடுத்து என் கையில கொடுத்தார்.”

அந்த இடத்தில் எண் போட்ட சின்னச் சீட்டு ஒன்றை வைத்துவிட்டு, டாக்டர் கத்தியை நகர்த்திக்கொண்டார்.

ஒருவழியாகக் கட்டி வெளியே வந்தது. இனி அவளைத் தூங்கவைத்து மண்டையை மூட வேண்டியதுதான். ஆனால் கதையில் அந்த மனுஷன் அப்போதுதான் கடைக் கதவைச் சாத்திவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்திருந்தார்.

மயக்க மருந்துக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் நர்ஸைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்தால் குடிமுழுகிவிடாது என்று மூவருக்குமே தோன்றியது.

அதற்குள் தையல்காரி களைத்துப்போய்த் தானாகவே கண்ணயர்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை டாக்டர் நேராக அவள் கட்டிலுக்குத்தான் போனார். கையைத் தூக்கச் சொன்னார், காலை மடக்கச் சொன்னார். எல்லாம் ஒழுங்கு. பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல், கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்காரர் என்னதான் சொன்னார் என்று கேட்டார்.

“எனக்கேது டாக்டர் வீட்டுக்காரர்?”

எங்கே வெட்டினோம், எவ்வளவு வெட்டினோம் என்று டாக்டர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்ல நர்ஸ் பக்கம் திரும்பினார்.

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த தங்கை அசரவில்லை.

“அக்காவுக்குக் கல்யாணமே ஆகலை டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் அளந்துவிடுவா. போன மாசம் பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட, எனக்கு ரெட்டைப் பிள்ளைங்கன்னு சொல்லி, ரெண்டுக்கும் பேர்கூட வச்சுட்டா.”

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புளுகு பத்திரமாக இருக்கிறதென்றால் மூளையும் பத்திரம்தான். நிம்மதியில் அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. சொந்தக் கதையையே சொல்லியிருக்கலாமே என்றார்.

தையல்காரி தலைக்கட்டை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“நீங்க கேட்ட நீளத்துக்கு அது பத்தாதே, டாக்டர்.”