பின்னறைக்கு ஒரு ரூட்டர்

டெக்னீஷியனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"ஹால்ல நெட் நல்லாத்தானே வருது சார்? யாருமே தங்காத பின்னறைக்கு எதுக்கு ரூட்டரை மாத்தணும்?"

"அங்கதான் ரொம்ப ஸ்லோவா இருக்கு. சுவரை ஒட்டி மாட்டுங்க."

"பாதி சிக்னல் பக்கத்து வீட்டுக்குப் போயிடும் சார்! இப்பவே அங்கேருந்து ஒரு லேப்டாப் உங்க நெட்டை இழுக்குது. பிளாக் பண்ணிடவா?"

"ஐயையோ, அதுல கை வைக்காதீங்க!" என்று பதறினார் வீட்டுக்காரர்.

டெக்னீஷியன் முணுமுணுத்துக்கொண்டே பின்னறைச் சுவரில் ரூட்டரை மாட்டினார். விளக்குகள் பச்சையாக எரிந்ததுமே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது.

"பெரியப்பா, இப்ப கிளாஸ் நிக்காம ஓடுது!"

வீட்டுக்காரர் அசடு வழிந்தார். "தம்பி பொண்ணு. நடுவுல சுவர் எழுப்பினதுலேருந்து அவனும் நானும் பேசுறதில்லை. அவன் வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்துத்தான் உங்களை வரச் சொன்னேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு ஓர் ஆண்குரல் கேட்டது.

"எனக்கு எப்பவோ தெரியும்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லும்மா. காபி ஆறுறதுக்குள்ள வரச் சொல்லு!"