எதிர்க்கடைச் சரக்கு

முப்பத்தேழாவது வீட்டில் அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"மாத்தித் தர்றது சரி. எதுக்கு சும்மா தர்றீங்க?"

இடுப்பில் ஒரு குழந்தை. காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. ஓசியில் வருவது எதுவும் ஓசியில் போகாது என்று பட்டுத் தெரிந்த முகம்.

அடுப்பு ரிப்பேர்காரர் மூன்று மாடி ஏறிய மூச்சை அடக்கிக்கொண்டு, முப்பத்தாறு வீட்டில் சொன்னதையே இங்கும் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் கடையில் வாங்கிய கேஸ் டியூப் கோளாறான சரக்கு. வீடு வீடாகப் போய் மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரர் அனுப்பியிருக்கிறார்.

உள்ளே போய், சிலிண்டரை மூடி, டியூபைக் கழற்றினார். அந்த அம்மாவின் கண்முன்னால் லேசாக வளைத்தார். வளைத்த இடம் பித்தவெடிப்பு மாதிரி கோடு கோடாகப் பிளந்தது.

அந்த அம்மா காலடியில் நின்றதையும் தூக்கி, இரண்டு குழந்தைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

ரிப்பேர்காரர் புது டியூபை மாட்டி, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார். நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது.

"வித்த பொருளைத் தேடி வந்து மாத்துறவங்களை இப்பதான் பாக்குறேன். அந்தக் கடைக்காரர் பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்றார்.

போன இடமெல்லாம் இதே கதைதான். ஒரு பெரியவர் பிடித்த கையை விடவேயில்லை. ஒரு பெண் கீழ்த்தளம் வரை கூடவே வந்து வழியனுப்பினாள். ஒரு வாரமாக அடுத்தவருக்குச் சேர வேண்டிய வாழ்த்தையெல்லாம் அவர்தான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் அந்தக் கடை அவருடையதல்ல. அவருடைய எதிர்க்கடை.

நடுவில் இருபது அடித் தெரு. இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் எதிர்க்கடை அண்ணன். ஒரே தொழில், ஒரே சாமான். ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இவர் ஒரு விளக்குப் போட்டால் அவர் இரண்டு போடுவார்.

போன வாரம் அண்ணன் வீட்டுச் சமையலறையிலேயே டியூப் பிளந்து தீப்பிடித்துவிட்டது. தான் விற்ற சரக்கைத் தன் வீட்டிலும் மாட்டியிருந்த மனிதர். எரிகிற தீக்குள் கையை விட்டு அவர் சிலிண்டரை மூடியதால் வீட்டில் மற்றவர்கள் தப்பினார்கள். அவருக்குத்தான் இரண்டு கைகளும் வெந்துபோயின.

மறுநாள் அண்ணி தெருவைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார். கையில் ஒரு நோட்டு. யார் எது வாங்கினாலும் விலாசம் எழுதி வைப்பது அண்ணனின் வழக்கம். 'கடையா, தபாலாபீசா' என்று இவர் இங்கிருந்து நக்கலடித்ததுண்டு.

"கண்ணு முழிச்சதுலேருந்து வித்த டியூபையெல்லாம் மாத்தணும்னு இதே பேச்சுதான். உங்க கையிலதான் குடுக்கணுமாம்."

நோட்டை வாங்கியபோது இவர் முகம் வெளுத்தது. நல்ல மனசு, அதுதான் பதறுகிறது என்று அண்ணி நினைத்துக்கொண்டார்.

கடைசி வீடான அந்த முப்பத்தேழாவது வீட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்வை நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் வெள்ளைப் பொட்டலங்களாகத் தலையணைமேல் கிடந்தன.

"எல்லா வீடும் முடிஞ்சுதுண்ணே. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் நனைந்தது. பிறகு இரண்டு பொட்டலங்களையும் சிரமப்பட்டுத் தூக்கி ஒன்றோடொன்று சேர்த்தார். கும்பிடுகிறார் என்று புரிய இவருக்கு ஒரு நொடி பிடித்தது.

யார் யாரோ தந்த வாழ்த்தைக்கூடச் சுமந்துவிட்டார். இதைச் சுமக்க முடியவில்லை.

"கும்பிடாதீங்கண்ணே. அந்தச் சரக்கு வண்டி முதல்ல என் கடைக்குத்தான் வந்துச்சு. ஒண்ணை வளைச்சுப் பாத்தேன், வேணாம்னு அனுப்பிட்டேன். அப்படியே உங்க கடையில எறக்குறதைப் பாத்துக்கிட்டு நின்னேன். வாயத் தொறக்கல. உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

பக்கத்துக் கட்டிலில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தவரின் கத்தி நின்றது.

அண்ணன் கைகளை மெல்லத் தலையணைமேல் இறக்கினார்.

"தெரியும்" என்றார். "எதிர்க்கடையில வேணாம்னுட்டாங்கன்னு வண்டிக்காரன் அப்பவே சொன்னான். உனக்கு வாங்க வக்கில்லன்னு நெனச்சு, வண்டியில இருந்த அத்தனையையும் நான் எறக்கச் சொன்னேன். ஒண்ணையாவது வளைச்சுப் பாக்கத் தோணல."

அண்ணன் தலையணைமேல் கிடந்த தன் கைகளைப் பார்த்தார்.

"அதான் நோட்டை உன்கிட்டக் குடுக்கச் சொன்னேன். சரக்கைத் தொட்டுப் பாத்தே நல்லது கெட்டது சொல்றவன் நம்ம தெருவுல நீ ஒருத்தன்தான்." அண்ணன் எச்சில் விழுங்கினார். "கொஞ்சம் தண்ணி குடுடா."

இவர் மேசைமேல் இருந்த தம்ளரை எடுத்து அண்ணனின் உதட்டருகே கொண்டுபோனார். சிந்தாமல் இருக்க, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.