தலையாட்டும் கிடா

ஒரு கிடா செல்போன் வாங்கியது. எந்தத் தளத்தைத் திறந்தாலும், "குக்கீ வைக்கட்டுமா?" என்று போன் கேட்கும். நின்று படிப்பது தன் கௌரவத்துக்கு இழுக்கு என்பது கிடாவின் நினைப்பு. சட்டென்று தலையை ஆட்டும். மூக்கு பட்டு 'அனைத்துக்கும் சம்மதம்' அழுந்திவிடும்.

"அண்ணே, குக்கீன்னா தின்பண்டம் இல்லை," என்றது காக்கை. "நீங்க எங்கெங்கே மேய்ஞ்சீங்கன்னு தெரிஞ்சுக்க உங்க போன்லயே ஒட்டுற சீட்டு. தளத்துக்காரன் மட்டுமில்ல, கூட வர்ற மூணாவது ஆளும் ஒட்டுவான். செட்டிங்ஸ்ல போய் அவனைத் தடுங்க, பழசை அழிங்க."

"மறைக்க என்கிட்ட என்ன இருக்கு? வடை திருடுற உனக்குத்தான் பயம்!" என்று எகிறியது கிடா.

பிறகு கொழுக்கவைக்கும் தீவனம் தேடியது. ஒரு தளத்தில் தன் எடையையும் விலாசத்தையும் பெருமையாகப் பதிந்தது. மறுநாள் திறந்த பக்கமெல்லாம் தீவன விளம்பரம்.

"பார்த்தியா, என் அருமை ஊருக்கே தெரியுது!"

ஆடி வெள்ளியன்று கோயில்காரர் மாலையோடு வந்தார். மூணாவது ஆள் விற்ற பட்டியல் அவர் கையில் இருந்தது. கிடாவின் எடைக்குக் கீழே கோடு போட்டிருந்தார். அதன் தலையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றி, "சம்மதமா?" என்று கேட்டார்.

கிடா வழக்கம்போலத் தலையை ஆட்டியது.