மைனாக்கரைத் தேர்தல்

தேர்தல் மேடத்தின் கைதான் முதலில் உயர்ந்தது. அதுவும் ஜனநாயகம் சாருக்கு.

எதிரே உட்கார்ந்திருந்த சட்டம் மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. துறைத் தலைவர் பதவிக்கு அவரும்தான் நின்றிருந்தார். உயிர்த்தோழியின் ஓட்டு தனக்கில்லாமல் வேறு யாருக்கு என்று மிதப்பாக இருந்தவர், அந்த ஒரே ஓட்டில் தோற்றார்.

அரசியல் அறிவியல் துறையில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. எதில் ஆராய்ச்சியோ அதையே மாணவர்கள் பெயராக ஒட்டிவிடுவார்கள். சமாதானம் சார் மின்விசிறிக்காகத் தினமும் சண்டை போடுவார். ஜனநாயகம் சார் அடுத்தவரைப் பேசவிட்டதாகச் சரித்திரமே கிடையாது.

கூட்டம் முடிந்ததும் சட்டம் மேடம் தோழியை மாடிப்படியோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"உனக்கு வெக்கமா இல்லையாடி? உன் அத்தியாயத்தைத் திருடின ஆளு!"

"தெரியும்."

"சும்மா படிச்சுப் பாக்கறேம்மான்னு வாங்கிட்டுப் போய்த் தன் புத்தகத்துல சேத்துக்கிட்டாரு. அதுக்கு விருது வேற. நீ போய்க் கேட்டப்ப என்ன சொன்னாரு? இடுப்புல குழந்தையை வச்சுக்கிட்டு நிக்கறவ எப்ப ஆராய்ச்சி பண்ணினாளாம்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சாரு. உன் பதவி உயர்வும் அதோட போச்சு. அந்த ஆளுக்கா கை தூக்கின?"

"நல்லாப் பேசுவாருடி. முதல் சொற்பொழிவு ஜம்முனு இருக்கும்."

"இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனார் சட்டம் மேடம்.

தேர்தல் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். பலகையில் ஒரு வட்டம் போட்டு, "இது ஒரு ஊரு. மூணு வேட்பாளர். ஊருக்குப் பேர் வைங்க" என்றார். ஓட்டுக் கணக்கு சொல்லித்தரும்போதெல்லாம் இப்படித்தான், எதிரே இருந்து கேட்கிறவர்கள்தான் ஊருக்குப் பேர் வைக்க வேண்டும். யாரோ ஒருவன் தன் காதலியின் பெயரைச் சொல்ல, வகுப்பே கொல்லென்று சிரித்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகத் துறைத் தலைவர் ஆகிறவர், தனக்குப் பேர் வாங்கித் தந்த புத்தகத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேசியாக வேண்டும். எழுந்து நின்று யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படிக்கிற கெட்ட பழக்கம் அங்கே கிடையாது.

அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் துணைவேந்தர். பக்கத்தில் ஜனநாயகம் சாரின் மனைவி, மகன், போதாக்குறைக்குப் புதுச் சம்பந்தி வீட்டார். சட்டம் மேடம் கடைசி வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜனநாயகம் சார் அமர்க்களப்படுத்தினார்.

"மைனாக்கரை! ஆத்தைத் தாண்டிப் படகுலதான் போகணும். அந்தச் சின்ன ஊர்ல வீடு வீடா ஏறி இறங்கினேன். யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு கேட்டா அடிக்கவே வந்தாங்க. கடைசில அவங்களே படகுத்துறை வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க. அந்த ஊரு இல்லேன்னா இந்தப் புத்தகம் இல்ல!"

கைதட்டல் அடங்க நேரமானது. சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேர்தல் மேடம் எழுந்தார். யாரோ மைக்கை நீட்டினார்கள்.

"அருமை சார். சின்னச் சந்தேகம். புத்தகத்துல போடறப்ப ஊர்ப் பேரை மாத்திப் போடறது உண்டு. நீங்க மாத்தினீங்களா?"

"நான் எதுக்கும்மா மாத்தணும்? நெசமான ஊரு, நெசமான பேரு. என்கிட்ட ஒளிவு மறைவே கிடையாது."

"இப்பவும் இருக்கா சார் அந்த ஊரு?"

"எங்க போயிடும்? போன வருஷம்கூடப் போய்ட்டு வந்தேன்" என்றவர், துணைவேந்தரைப் பார்த்துக் கண்சிமிட்டினார். "நீங்களும் ஒரு தடவை போய்ட்டு வாங்கம்மா. வீட்டை விட்டு வெளிய வந்தாத்தானே ஆராய்ச்சி!"

அரங்கம் சிரித்தது. மனைவி சிரித்தார், சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். தேர்தல் மேடமும் சிரித்துக்கொண்டு அது அடங்கும்வரை காத்திருந்தார்.

பின்வரிசை மாணவர்கள் சிலர் அதற்குள் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "டேய், மேப்ல அப்படி எதுவுமே வரலடா" என்று ஒருவன் முணுமுணுத்தது சட்டம் மேடத்தின் காதில் விழுந்தது. அவர் சடாரென்று நிமிர்ந்து தோழியைப் பார்த்தார்.

தேர்தல் மேடம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்த வஞ்சத்தை அவசரப்பட்டுக் கொட்டிவிட அவருக்கு மனசில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, ருசித்துச் சொன்னார்.

"அந்த அத்தியாயத்தை எழுதறப்ப, கணக்கு சரியா வருதான்னு பாக்க ஒரு ஊரு தேவைப்பட்டுது சார். மைனாக்கரைன்னு பேர் வச்சது, அப்ப என் இடுப்புல இருந்த குழந்தை."