மன்னர் காட்டும் திசை

ஏரிக்கரை ரவுண்டானாவில் வலது கையை நீட்டியபடி ஒரு மன்னர் சிலை நின்றது. அதன் தலைதான் ஒரு நீர்க்காகத்துக்கு நாற்காலி.

“ஏரியைக் காட்டி, ‘இங்கே நகரம் எழட்டும்’ என்றார் மன்னர்!” என்று சுற்றுலா வந்தவர்களிடம் தினமும் முழங்குவார் கைடு மாசிலாமணி.

“நிஜமா அப்படியா சொன்னீங்க?” என்று ஒருநாள் சிலையிடம் கேட்டது நீர்க்காகம்.

“சண்டைக்குப் போற வழியில எனக்கு வயித்தால போச்சு. கால் கழுவத் தண்ணி எங்கேன்னு கைநீட்டிக் கேட்டேன். பத்து நாளாகியும் நிக்கல. படை இங்கேயே கூடாரம் போட்டுது. சோறு விக்க ஆள் வந்தாங்க, கடை வந்துது. அதுதான் இந்த ஊர்” என்றது சிலை.

அடுத்த மாதம் சாலையை அகலப்படுத்தியவர்கள் சிலையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். விரல் இப்போது நேராகக் கட்டணக் கழிப்பறையைக் காட்டியது. மாசிலாமணி கொஞ்சமும் தடுமாறவில்லை.

“மன்னர் அன்று சொன்னது ஒன்றுதான்: முதலில் இது, ஊரெல்லாம் அப்புறம்!”

“பாவி, சரியாச் சொல்லிட்டானே!” என்றது சிலை.

நீர்க்காகம் சிரித்த சிரிப்பில் அடக்க முடியாமல் மன்னரின் தலையிலேயே போய்விட்டது.

“பரவாயில்லை,” என்றது சிலை. “ஊர் மட்டும் கட்டிடாதே.”