ரோலரா, பலகையா?

"நாம வாங்கப் போற படகை ஏத்திட்டுப் போக ரோலர் வெச்ச டிரெய்லர்தான் சார் வேணும். தள்ளினா படகு சர்ருனு தண்ணில எறங்கிடும்" என்றார் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஸ்ரீகாந்த்.

"அது அலுமினியப் படகு சார். ரோலர் பட்ட எடமெல்லாம் நசுங்கிடும். நீளப் பலகை வெச்ச டிரெய்லர்தான் சீரா தாங்கும்" என்றார் செயலாளர் தப்ரேஸ்.

"போன வருஷ வெள்ளத்துலேர்ந்து இதே பேச்சு. டிரெய்லர் முடிவாகாம படகே வாங்க மாட்டீங்களா?" என்று முகம் சுளித்தாள் அதே குடியிருப்பில் இருக்கும் மைதிலி.

"உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று இருவரும் முதன்முறையாக ஒற்றுமையாகச் சீறினார்கள்.

"குனிங்க, கரண்டு ஒயர்!" என்று கத்தினார், முத்தாபுதுப்பேட்டைத் தெரு வெள்ளத்தில் அவர்களை மீட்புப் படகில் ஏற்றித் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்.

குனிந்து நிமிர்ந்த ஸ்ரீகாந்த், "ஆனாலும் ரோலர்தான் சார்..." என்று மறுபடி ஆரம்பித்தார்.

"நல்ல வேளை, தீயணைப்புக்காரங்க இந்தப் படகை வாங்கறப்போ உங்க ரெண்டு பேரையும் கேக்கல" என்றாள் மைதிலி.